கையகலப் பெட்டி

மதிக்கத்தக்கவர்கள் என்று பிரசீதா ஒரு பட்டியல் போட்டால் அது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்த விரல்களிலும் ஒன்று அவளே. சிவில் டிப்ளமா படித்தவள். அதியன்னூரில் பிறந்து, பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்தில் சஜினுக்கு வாழ்க்கைப்பட்டவள். கட்டட அனுமதிக்கு வேண்டிய வீட்டுப் பிளான்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறவள். எதிரே ஒருவர் வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் மனதுக்குள் மார்க் போட்டுவிடுவாள். பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும்.

அவளுடைய பழைய லேப்டாப் அந்த ஆவணியில் மூச்சை விட்டது. ஒரு மாடி வீட்டை எப்படியோ இழுத்துக்கொண்டிருந்த அது, நாலு மாடி ஆஸ்பத்திரியைத் திறந்ததும் மயங்கி விழுந்தது. ஆஸ்பத்திரி சும்மா வந்ததல்ல. பெங்களூரில் ஒரு கட்டட வரைபடக் கம்பெனி, வீட்டில் இருந்தே வேலை செய்ய ஆள் எடுத்தது. நிரந்தர வேலை. அதற்குப் பரீட்சையாக அந்த நாலு மாடியையும் முழுசாக வரைந்து நவராத்திரி நவமியன்று மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்தக் கம்பெனிப் பெண் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பிரசீதாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கணவன் சஜின் பயப்படுவான். அவனுக்குப் பயப்படுவது ஒன்றுதான் முழுசாகச் செய்யத் தெரிந்த காரியம். கணவனின் அண்ணன் அனூஜ் அறிவுரை சொல்ல வருவான். மாமியார் பிரேமகுமாரி, பஸ் ஸ்டாப் முதல் ரேஷன் கடை வரைக்கும் செய்தி வாசிப்பாள். மாடுகளிடம் மந்திரம் ஓதி என்ன பயன் என்று பிரசீதா வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் கம்ப்யூட்டர் வாங்குவதை மறைக்க முடியுமா? அனூஜுக்கு மோப்பம் பிடித்துவிட்டது. பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கிறவன். போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. அந்த ஒட்டுகிற கையைக் கொண்டு அவன் உலகத்திலுள்ள எல்லா எந்திரங்களுக்கும் தீர்ப்புச் சொல்வதுதான் சகிக்க முடியாதது. அடுத்த மனையில் உள்ள அவன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அலமாரி உயரம், பக்கத்தில் கண்ணாடி, உள்ளே ஐந்து நிறத்தில் விளக்குகள். திருவிழாப் பந்தலை மடித்துப் பெட்டிக்குள் வைத்தது மாதிரி இருக்கும். அதில் அவன் சினிமா பார்த்தான். இதுபோல ஒன்று வாங்கினால்தான் கம்ப்யூட்டர் என்று ஓயாமல் சொன்னான்.

பிரசீதா வாங்கியது வேறு. கையகலத்தில் ஒரு பெட்டி. உள்ளே பலகையும் மூளையும் மட்டும் இருக்கும். மெமரி கிடையாது, தகவல் சேமிக்கும் துண்டு கிடையாது, விண்டோஸ் கிடையாது. எல்லாம் நாமே வாங்கி நாமே மாட்ட வேண்டும். முழுசாகச் சேர்த்தே கிடைக்கும்போது எதற்கு இந்தத் தலைவலி என்று சஜின் கேட்டான். ஆயத்தச் சட்டையில் கை நீளம் தைக்கிறவன் இஷ்டம், துணி எடுத்துத் தைத்தால் நம் இஷ்டம் என்று ஒரே வரியில் சொல்லி அவனை அனுப்பினாள். சேர்த்தே விற்கிறவர்கள் ஒற்றை மெமரியைச் செருகி, பெயர் தெரியாத சேமிப்புத் துண்டைப் போட்டு, மேலே பளபளப்பாக ஸ்டிக்கர் ஒட்டித் தலையில் கட்டிவிடுவார்கள். படம் காட்டும் வேலையையும் இதே மூளை செய்வதால் மெமரி இரண்டு துண்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் வேகம் வரும். இதைக் கடைக்காரர்களுக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர், ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள் மேடம் என்று மூன்று தரம் சொன்னார். அவருக்கும் பூஜ்யம்தான். கடைசியில் இணையக் கடையில் தனித்தனியாக ஆர்டர் போட்டாள்.

பெட்டி வந்த வாரத்தில்தான், யானையோடு திருவனந்தபுரத்துக்குப் போகிற நவராத்திரிச் சாமி எழுந்தருளல் களியிக்காவிளை தாண்டிப் பாறசாலை ரோட்டில் வந்தது. ரோடு அடைத்து, பார்சல் ஒரு நாள் தாமதமானது. பார்சல் கொண்டுவந்தவன் யானையைப் பழி சொன்னான். யானைக்கே இவனைவிட வேலையில் நேரம் தெரியும் என்று பிரசீதா நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவள் பெட்டியைத் திறந்தாள். அழைக்காமலே அனூஜ் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். சஜின் சுவரோரம் நின்றான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அவன் சொன்ன பழமொழியை அவள் காதில் வாங்கவில்லை. பிரேமகுமாரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிரேமகுமாரி கொத்தனார் பொன்னப்பனின் விதவை. அவர் இருந்த காலத்தில் அவருக்குக் கையாளாக முப்பது வருஷம் சாந்துச் சட்டி சுமந்தவள். இப்போது சாயங்காலம் சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துவதும் கோயிலுக்குப் போவதும்தான் வேலை. மருமகளின் பட்டியலில் அவளுக்கு மார்க்கே கிடையாது. பரீட்சைக்கு வராதவர்களுக்கு மார்க் போடுவதில்லையே.

"கம்ப்யூட்டர்ணு சொன்னா ஒரு கெத்து வேண்டாமா பிரசீதா," என்றான் அனூஜ். "இது சோத்துப் பாத்திரமாக்கும்."

அவள் அடியில் இருந்த நாலு திருகுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். மெமரித் துண்டுகளைச் சாய்த்துச் செருகி அமுக்கினாள். இரண்டு பக்கமும் கிளிப் விழுந்தது. சுவிங்கம் அகலத்தில் இருந்த சேமிப்புத் துண்டைத் தன் இடத்தில் வைத்து ஒற்றைத் திருகைப் போட்டாள். மூடியை மூடினாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். இதற்குள் அனூஜ், விசிறி சின்னது, சூடாகும், விளக்கு எரியாது, கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று நாலு குற்றப்பத்திரிகை வாசித்திருந்தான். கோடு வரைகிறவளுக்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று அவனுக்கு விளக்கப் போவது, தவளைக்குக் குடை பிடிப்பது மாதிரி.

பிரேமகுமாரி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "இதுக்குள்ள வச்சா மக்கா நீ வீடு வரையப்போற?"

பிரசீதா மானிட்டர் வயரைச் செருகினாள். பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக அது அவளுக்குப் படவில்லை.

பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே கிடந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. அனூஜ் சிரிப்பை அடக்க முடியாமல் சஜினைப் பார்த்தான். சஜின் வியர்த்துக்கொண்டிருந்தான். புது மெமரி போட்டால் முதல் தரம் எந்திரம் அதைத் தடவிப் பார்த்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், அணைத்துவிடாமல் காத்திருக்க வேண்டும் என்று பிரசீதாவுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவது நிமிஷத்தில் திரை வெளுத்து எழுத்து வந்தது. அவள் அனூஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில பேரைப் பார்ப்பதே அவர்களுக்குச் செய்கிற மரியாதை.

அன்று முதல் அந்தப் பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. நாலு மாடியும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு படிக்கட்டாக, கழிவுநீர்க் குழாய் வரைக்கும் வரைந்தாள். வரைந்ததைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லிச் சஜின் ஒரு நாள் பயந்து பயந்து சொன்னான். பெட்டி மேசையில்தான் இருக்கிறது, கால் முளைத்து ஓடாது என்றாள். அவன் சொன்னதாலேயே அவள் எடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

அஷ்டமியன்று காலையில் பரீட்சை வேலையில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருந்தது. மீதி ஒரு குறுக்குவெட்டுத் தோற்றமும் சில அளவுகளும். நவமி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பிரேமகுமாரி காப்பியை மேசை ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மக்கா, இண்ணைக்கும் நாளைக்கும் உனக்கு வேலை வல்லதும் உண்டா?"

வேலை உண்டு என்றால் என்ன வேலை என்று கேட்பாள். அதைச் சொன்னால் யாருக்கு என்று கேட்பாள். அந்தச் சங்கிலியில் மாட்டுவதைவிட ஒரு பொய் சுலபம். "ஒண்ணும் இல்ல," என்றாள் பிரசீதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிரேமகுமாரி தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததைப் பிரசீதா பார்க்கவில்லை. பார்க்கிறவளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

அஷ்டமி சாயங்காலம் அந்த ஊர்களில் பூஜை வைப்பு. படிக்கிறவர்கள் புத்தகத்தையும், தொழில் செய்கிறவர்கள் கருவியையும் தேவி கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். பட்டுத்துணி மூடி விளக்கேற்றினால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. படிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. தையல்காரர் கத்திரி வைப்பார், ஆட்டோக்காரர் சாவி வைப்பார். அனூஜ் தன் அலமாரிக் கம்ப்யூட்டரைத் தூக்க முடியாமல் வருஷா வருஷம் அதன் மவுஸை மட்டும் கொண்டுபோய் வைப்பான். அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாலை மட்டும் வைக்கிறான் என்று பிரசீதா ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள். அவள் தன் லேப்டாப்பை வைத்ததே இல்லை.

அன்று நாலு மணிக்கு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. லேப்டாப்பில் பேட்டரி உண்டு. இந்தப் பெட்டியில் கிடையாது. நாளைக்கு மின்சாரம் போனால்? பெட்டியை அணைத்துவிட்டு, பஸ் பிடித்துப் பாறசாலைக்குப் போய், ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிக்கொண்டு திரும்பினாள். கனம் தோளை இழுத்தது. வீடு வந்து சேரும்போது ஏழு மணி.

மேசையில் மானிட்டர் இருந்தது, கீபோர்டு இருந்தது. பெட்டி இல்லை. அதில் மாட்டியிருந்த வயர்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. எது எந்த ஓட்டையில் என்று மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டி, ஒரு தாளில் பெட்டியின் படம் போட்டு, அந்தந்த இடத்தில் அதே நிறப் பொட்டு வைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆனால் பார்த்தது மனதில் ஏறவில்லை.

"பூஜைக்கு வச்சாச்சு மக்கா," என்றாள் பிரேமகுமாரி. நெற்றியில் புதுச் சந்தனம். "நீ வேலை இல்லண்ணு சொன்னல்லா."

பிரசீதா கோயிலுக்கு ஓடினாள். தீபாராதனை முடிந்து நடை அடைத்துவிட்டார்கள். திறந்து தரச் சொன்னாள். பூசை செய்கிற போற்றி, காலையில் ஐந்து மணிக்கு நடை திறக்கும், ஆனால் வைத்ததை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சஜின் வந்து, அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரையலாமே என்றான். படம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. பெங்களூர் வேலையைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் முதலில் சந்தோஷப்பட்டு, உடனே பயந்தான். அன்றைக்கு அந்தப் பயத்தைக் கேலி செய்ய அவளிடம் தெம்பு இல்லை.

நவமி காலையில் நடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். இரவு முழுவதும் தூங்காத கண்கள். பின்னாலேயே பிரேமகுமாரியும் வந்தாள். கும்பிட வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அனூஜும் கோயில் கமிட்டித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"பூஜைக்கு வச்சத இடையில எடுக்கப்பிடாது கேட்டியா பிள்ளே," என்றார் போற்றி.

பிரேமகுமாரி முன்னால் வந்து அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கெஞ்ச ஆரம்பித்தாள். தப்பு தன்மேல்தான், தேவி தன்னை எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள் என்கிற மாதிரி. போற்றியின் முகம் இளகத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். பொறுமை யாருக்கு இருந்தது?

பிரசீதா மண்டபத்தில் ஏறிப் பட்டுத்துணியைத் தூக்கினாள். புத்தகக் கட்டுகளுக்கு நடுவில், செம்பருத்திப் பூ சூடி, பெட்டி இருந்தது. பூவைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் திரும்பினாள். ஒரு வாரமாக, கல்யாணமான நாளிலிருந்து உள்ளே சேர்ந்திருந்த அத்தனையும் நாக்குக்கு வந்தது.

"டி.வி. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்," என்றாள் மாமியாரைக் காட்டி. "இதுக்க கையில கெடந்தாக்கும் எனக்க பிழைப்பு சாவுது."

மாமியாரை அவள் 'இது' என்று சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அனூஜ்கூடச் சிரிக்கவில்லை. பிரேமகுமாரி குனிந்தாள். தரையில் விழுந்த செம்பருத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரசீதா வயர்களை மாட்டினாள். நூல் கட்டியிருந்ததால் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டி எழுந்தது. ஒரு கோடும் அழியவில்லை. குறுக்குவெட்டை முடித்து, அளவுகளைப் போட்டு, ஒவ்வொரு தாளையும் இரண்டு தரம் சரிபார்த்தாள். நடுவில் ஒரு தரம் மின்சாரம் போய் வந்தது. யு.பி.எஸ். தாங்கியது. மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அனுப்பினாள். நாலரைக்கு அந்தக் கம்பெனிப் பெண் போன் செய்தாள். வரைபடம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றாம் தேதி முதல் வேலைக்கு வரலாம் என்றாள்.

பிரசீதாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில், இந்த ஊரில், யார் தயவும் இல்லாமல் சாதித்துவிட்டாள். பெட்டியின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்க ஈரத்துணி எடுத்தாள். மேலே துடைத்து, அடியில் துடைக்கத் திருப்பினாள்.

அடியில் ஒரு தாள் துண்டு ஒட்டியிருந்தது. பூஜை எடுக்கும்போது ஒருவர் பொருள் இன்னொருவருக்குப் போய்விடாமல் இருக்க எல்லோரும் பெயரும் நட்சத்திரமும் எழுதி ஒட்டுவார்கள். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. காற்றுப் போகிற துவாரங்களை மறைக்காமல், நாலு திருகுகளுக்கும் நடுவே பார்த்து ஒட்டியிருந்தது. பிரேமகுமாரியின் கையெழுத்து, மலையாளத்தில்.

பிரசீதா. மகயிரம் நட்சத்திரம். வீடு வரைப்பு. பெங்களூர் வேலை கிடைக்க வேண்டி.

அவள் அதை இரண்டாம் தரம் படித்தாள். பூஜை வைக்கும் வரைக்கும் பெங்களூர் என்று இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. போனில் இங்கிலீஷில் பேசியதுதான். அந்தப் பேச்சிலிருந்து அந்த ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பஸ் ஸ்டாப்பில் சொல்லாமல், ரேஷன் கடையில் சொல்லாமல், ஒருத்தி அதைப் பூஜைக்கு வைத்திருக்கிறாள். பிரசீதாவுக்கு முகம் எரிந்தது. அவமானம் என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. மற்றவர்களுக்குக் கொடுத்துத்தான் பழக்கம்.

பிரேமகுமாரி பின்வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பிரசீதா போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனாள். அந்த வார்த்தையை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று தெரியவில்லை.

"மாமி, அந்த வேலை கிடைச்சு."

"கொள்ளாம், நல்லது," என்றாள் பிரேமகுமாரி, கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரசீதா இன்னும் நின்றாள். காலையில் கோபத்தில் பேசிவிட்டதாகவும், தூக்கம் இல்லாததால் என்றும், பயத்தால் என்றும் கோர்வையில்லாமல் ஏதேதோ சொன்னாள். பிரேமகுமாரி ஒரு கிழங்கை உரித்து முடித்துத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். பிறகுதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. மார்க் போட்டு முடித்த ஒருவரின் குரல் அது.

"வருஷா வருஷம் மாமாக்க கொத்துக்கரண்டியும் தூக்குக்குண்டும் ஆக்கும் பூஜைக்கு வைக்கது. செத்தவருக்க தொழில இனியும் எத்தன வருஷம் வைக்கது, இருக்கியவளுக்க தொழில வைப்போம்ணு இந்த வருஷம் அத ரெண்டையும் கொண்டு போவல்ல."

கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தாள்.

"நாளைக்குக் காலத்த பூஜை எடுக்க நீங்க ஆராவது போங்க. நான் வரல்ல. எனக்கு எடுக்கதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."